தரங்கம்பாடி வரலாற்று நினைவிடங்கள் : தமிழ்ச் சான்றுகளின் வழி ஒரு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

சோழமண்டலக் கடற்கரையில் டேனியரின் துறைமுக நகராக 1620 முதல் 1845 வரை விளங்கிய ஊர் தரங்கம்பாடி. இன்று அது மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. கோட்டை, நகர வாயில், ஆலயங்கள், ஆளுநர் மாளிகை ஆகியவற்றைக் காண மாணவரும் பயணிகளும் அங்குச் செல்கின்றனர். அக்கட்டடங்கள் பெரும்பாலும் அவற்றை எழுப்பிய ஐரோப்பியரின் பெயராலேயே விளக்கப்படுகின்றன. அவ்விளக்கத்தில் ஊரின் தமிழ் வரலாறு பின்னணியாகச் சுருங்கிவிடுகிறது. கல்வெட்டு, பொன்னோலை, ஓலைச்சுவடி, அச்சுநூல் ஆகிய நால்வகைத் தமிழ்ச் சான்றுகளை அந்தந்த நினைவிடத்தோடு பொருத்தி வாசிப்பதற்கான ஒரு முறையை இக்கட்டுரை முன்வைக்கிறது. கட்டடங்கள் தரங்கம்பாடியில் நிற்க, அவற்றுக்குரிய தமிழ் ஆவணங்களுள் முதன்மையானவை கோபன்ஹேகனிலும் ஹாலேயிலும் இருப்பதே இவ்விடைவெளிக்கு முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்

தரங்கம்பாடி, சடங்கன்பாடி, டேனிஷ் கோட்டை, பொன்னோலை, சீகன்பால்கு, தமிழ் அச்சு, நினைவிடம், களப்பயணம்.

முன்னுரை

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தில் அமைந்த தண்டலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பன்னாட்டு நிறுவனங்களின் ஆலைகள் நிறைந்துள்ளன. இவ்வழித்தடத்தில் உருவாகும் ஊர்திகள் சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களின் வழியே கடல் கடந்து செல்கின்றன. உள்நாட்டு உழைப்பு துறைமுகத்தின் வழி உலகச் சந்தையை அடைவது தமிழகத்திற்குப் புதியதன்று. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டல நெசவாளரின் பருத்தித் துணிகள் இவ்வாறே ஐரோப்பியரின் துறைமுகக் கிடங்குகளை அடைந்து அயல்நாடுகளுக்குச் சென்றன. எனவே இப்பகுதி மாணவர் ஒரு பழைய குடியேற்றத் துறைமுக நகரைக் காண்பது, தாம் வாழும் சூழலின் முன்வரலாற்றைக் காண்பதாகவும் அமையும்.

இப்பகுதியைச் சார்ந்த தமிழ் மாணவர் சிலரோடு கட்டுரையாளர் தரங்கம்பாடிக்குச் சென்றபோது எழுந்த சிக்கலே இவ்வாய்வின் தொடக்கம். பயண முடிவில் மாணவர்தம் குறிப்பேடுகளைப் பார்வையிட்டபோது, தஞ்சை நாயக்க மன்னர் ஒருவரைத் தவிர அவற்றில் இடம்பெற்ற ஆளுமைகள் அனைவரும் ஐரோப்பியராகவே இருந்தனர். மாணவர் தவறாக எழுதவில்லை. கண்ட கட்டடங்களும் அவற்றின்மேல் பொறிக்கப்பட்ட ஆண்டுகளும் முத்திரைகளும் அவர்களுக்குக் கூறியவற்றையே எழுதினர். தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர்க்கு அந்நகர் வேறு என்ன கூறியிருக்கக்கூடும், அதைக் கூறவைக்கும் சான்றுகள் எவை என்னும் வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது. வரலாற்று அணுகுமுறையும் விளக்கமுறை அணுகுமுறையும் இதில் பின்பற்றப்பட்டுள்ளன.

ஊர்ப்பெயர் காட்டும் முதற்சான்று

தரங்கம்பாடி என்னும் பெயருக்கு ‘அலைகள் பாடும் ஊர்’ என்று சுற்றுலா நூல்களிலும் பேச்சு வழக்கிலும் பொருள் கூறப்படுகிறது. ‘தரங்கம்’ அலையைக் குறிக்கும் வடசொல் என்பதில் ஐயமில்லை. ஆனால், ஊர்ப்பெயரின் ஈறாக வரும் ‘பாடி’ பாடுதல் என்னும் வினையினின்று பிறந்ததன்று. வாணியம்பாடி, காட்பாடி முதலிய பெயர்களில் வருவது போலக் குடியிருப்பைக் குறிக்கும் பெயர்ச்சொல் அது. முல்லை நிலத்து ஊரைப் பாடி என்றும் நெய்தல் நிலத்து ஊரைப் பட்டினம், பாக்கம் என்றும் வழங்குவது அகப்பொருள் இலக்கண மரபு. இனிமை கருதி எழுந்த மக்கள் விளக்கம் வேறு, சொல்லின் வரலாறு வேறு என்பதை மாணவர்க்கு உணர்த்த இப்பெயர் ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

இவ்வூரின் பழம்பெயர் கடற்கரையில் உள்ள மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டால் தெரியவருகிறது. பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அக்கோயிலின் கல்வெட்டு, ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. இவ்விரு பெயர்களுள் ‘பாடி’ என்பது குடியிருப்பைச் சுட்ட, ‘பட்டினம்’ என்பது கடற்கரை வணிக ஊரைச் சுட்டுகிறது. ஆளும் மன்னனின் பெயரைத் தாங்கிய பட்டினமாக இவ்வூர் வழங்கப்பெற்றமை, கடல் வணிகத்தில் அதற்கிருந்த இடத்தைப் புலப்படுத்துகிறது. டேனியரின் கப்பல் வருவதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்னரே இது பட்டினமாக இருந்தது. ‘மீனவச் சிற்றூர் ஒன்றை டேனியர் துறைமுகமாக்கினர்’ என்னும் பொதுக்கூற்றை இக்கல்வெட்டின் துணைகொண்டு மறுபரிசீலனை செய்ய வேண்டியுள்ளது.

இத்தகைய சான்றைத் தாங்கிய கோயிலோ பயணிகள் இறுதியாகக் காணும் இடமாக, பலர் காணாமலே திரும்பும் இடமாக உள்ளது. கோட்டைக்கு அருகிலேயே நின்றும் இந்நிலை. கோயிலின் கடலை நோக்கிய பகுதியை அலைகள் அரித்துக் கொண்டன. எஞ்சிய பகுதி பின்னாளில் திருப்பணி செய்யப்பெற்றது. கடல் கொண்ட பகுதியோடு எத்தனை கல்வெட்டுகள் அழிந்தன என்பதை இனி அறிய இயலாது என்பதனால், எஞ்சியவற்றை வாசிக்க வேண்டிய கடமை மிகுகிறது.

பொன்னோலையும் கோட்டையும்

டேனிஷ் கிழக்கிந்திய நிறுமம் 1616இல் தொடங்கப்பட்டது. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் சார்பில் வந்த ஓவே கெட்டே என்னும் கடற்படைத் தளபதிக்கும் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் இடையே 1620 நவம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி தரங்கம்பாடியில் தங்கி வணிகம் செய்யவும் கோட்டை கட்டவும் டேனியர் உரிமை பெற்றனர். அவ்வாறு எழுந்ததே டேன்ஸ்போர்க் கோட்டை. உள்ளூர் மக்கள் அதனை டேனிஷ் கோட்டை என்பர். கீழ்த்தளம் கிடங்குகளாகவும் மேல்தளம் ஆளுநர், அலுவலர் முதலியோரின் உறைவிடமாகவும் பயன்பட்டன. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையின் காப்பில் உள்ள இக்கோட்டை இன்று அருங்காட்சியகமாகவும் விளங்குகிறது.

கோட்டையைக் காண்போர் அதனை வெற்றியின் சின்னமாகக் கொள்வது இயல்பு. ஆனால் ஆவணம் வேறு செய்தியைத் தருகிறது. இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு விடுத்த மடல் பொன்தகட்டில் தமிழில் எழுதப்பட்டது. அது கோபன்ஹேகனில் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. தஞ்சை நாயக்கர் அவையில் தெலுங்கு செல்வாக்குற்றிருந்தது. இரகுநாதரே தெலுங்கில் நூல்கள் இயற்றிய புலவர். அத்தகைய அவையிலிருந்து அயல்நாட்டு மன்னருக்குச் சென்ற மடல் தமிழில் அமைந்தமை ஊன்றி நோக்கத்தக்கது. சோழநாட்டில் தமிழ் வழிபாட்டு மொழியாகவும் மக்கள் மொழியாகவும் இருந்ததோடு, அரசுகளுக்கிடையிலான தொடர்பு மொழியாகவும் பயன்பட்டது என்பதற்கு இப்பொன்னோலை சான்றாகிறது.

மேலும், டேனியர் இந்நிலத்திற்காகத் தஞ்சை அரசுக்கு ஆண்டுதோறும் பணம் செலுத்தி வந்தனர். நாயக்கர் ஆட்சி வீழ்ந்து மராத்தியர் ஆட்சி ஏற்பட்ட பின்னரும் இக்கடப்பாடு தொடர்ந்தது. ஆகவே 17ஆம் நூற்றாண்டுத் தரங்கம்பாடியைக் கைப்பற்றப்பட்ட நிலமாகக் கருதுவதினும், உள்நாட்டு அரசின் இசைவோடு அயலார் தங்கிய வணிகத் தளமாகக் கருதுவதே சான்றுக்குப் பொருந்தும். கோட்டை மதிலைப் பார்க்கும் மாணவர் பொன்னோலையின் படத்தையும் கையில் கொண்டிருந்தால் அம்மதிலின் பொருள் மாறும்.

திண்ணைப்பள்ளியும் அச்சுக்கூடமும்

செருமானிய மறைப்பணியாளர் பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்றிச் புளூட்சோ ஆகிய இருவரும் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கால் அனுப்பப்பெற்று 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். சீகன்பால்கு கரையிறங்கிய இடத்தில் நினைவுச்சின்னம் உள்ளது. அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் திறக்கப்பட்டது. 1719இல் மறைந்த அவர் அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். டென்மார்க் அரசின் ஆதரவில் வந்தவராயினும் உள்ளூர் டேனிஷ் ஆளுநரோடு முரண்பட்டுக் கோட்டையில் ஏறத்தாழ நான்கு மாதம் சிறைவைக்கப்பட்டார் என்பதையும் கோட்டையைக் காண்போர் அறிதல் வேண்டும். நிறுமத்தின் நோக்கமும் மறைப்பணியின் நோக்கமும் எப்போதும் ஒன்றாக இருக்கவில்லை.

தமிழ் அச்சுக் கலை தரங்கம்பாடியில் தொடங்கியது என்பது பரவலாகக் கூறப்படும் செய்தி. இது திருத்தத்திற்குரியது. ரோமன் எழுத்தில் அமைந்த தமிழ்நூல் 1554இல் லிஸ்பனில் அச்சாயிற்று. தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. தரங்கம்பாடியின் சிறப்பு முதன்மையில் இல்லை, தொடர்ச்சியில் உள்ளது. ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் இங்கு வந்தன. அவை அளவிற் பெரியவையாக இருந்தமையால் சிறிய எழுத்துகள் இப்பகுதியிலேயே வார்க்கப்பட்டன. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறியது. அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலையும் அமைக்கப்பட்டது. எழுத்து, காகிதம், அச்சு மூன்றும் ஒரே வட்டாரத்தில் உருவானமையால் நூலாக்கம் ஒரு தொழிலாக வேரூன்றியது.

இந்நூலாக்கத்தின் அடித்தளம் எது என்னும் வினாவே தமிழாய்வுக்கு முதன்மையானது. சீகன்பால்கு முதிய தமிழாசிரியர் ஒருவரைத் தம் வீட்டிற்கு வரவழைத்து, அவர்தம் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதி நெடுங்கணக்கைக் கற்றார். டேனிஷ் நிறுமத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய அழகப்பன் என்பார் அவருக்குப் பேச்சுத்தமிழும் உள்ளூர் வழக்கங்களும் பயிற்றினார். எழுத்தர்களை ஊர்தோறும் அனுப்பிச் சுவடிகளை விலைக்கு வாங்கியும் படியெடுத்தும் சீகன்பால்கு ஒரு தமிழ்ச்சுவடி நூலகத்தை உருவாக்கினார். அதற்கு அவர் 1708இல் எழுதிய விளக்க அட்டவணையில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் இடம்பெற்றுள்ளன. வில் சுவீட்மேன், இர. இலக்குவன் ஆகியோரின் முயற்சியால் அவ்வட்டவணையின் ஆங்கிலப் பதிப்பு 2012இல் வெளிவந்தது. அச்சுப் பரவலுக்கு முன் ஒரு கடற்கரை ஊரில் எந்நூல்கள் வழக்கில் இருந்தன என்பதை அறிய இதனினும் சிறந்த சான்றுகள் சிலவே உள்ளன. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை அவர் செருமன் மொழியில் பெயர்த்தமையும் இவ்வாசிரியர்களிடம் பெற்ற பயிற்சியின் விளைவே எனலாம். திண்ணைப்பள்ளியின் தொடக்கப் பாடநூல்கள் ஐரோப்பாவிற்குச் சென்ற வழி இதுவாகும்.

1712 முதல் 1714 வரையிலான காலத்தில், சமயம், ஒழுக்கம், வழக்காறு பற்றிய வினாக்களுக்குத் தமிழர் எழுதிய 99 மடல்கள் செருமன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் வெளியிடப்பட்டன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதாரணத் தமிழர் தம் வாழ்வைத் தாமே விளக்கிய அரிய உரைநடை இது. ஆனால் அது செருமன் வடிவிலேயே இன்று வாசிக்கக் கிடைக்கிறது. தமிழ் மூலம் மறைய மொழிபெயர்ப்பு மட்டும் எஞ்சிய இந்நிலை, தரங்கம்பாடியின் வரலாற்று நிலையையே எடுத்துக்காட்டுகிறது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் உரைநடையை ஆராய்வோர்க்கு இவ்விழப்பு எளிதில் ஈடுசெய்ய இயலாதது.

ஆலயத்துள் வெளிப்படும் சமூகம்

தமிழ்ச் சான்றுகளைத் தேடுவது தமிழரின் பெருமையை மட்டும் தேடுவதாக அமைந்துவிடலாகாது. இராச வீதியில் 1701இல் திறக்கப்பட்ட சீயோன் ஆலயம் டேனியருக்குரியதாகவும், எருசலேம் ஆலயம் தமிழ்க் கிறித்தவர்க்குரியதாகவும் அமைந்தன. இப்பிரிவினை ஆள்வோர்க்கும் குடிகட்கும் இடைப்பட்டது. எருசலேம் ஆலயத்தின் உள்ளேயும் ஒரு பிரிவினை நிலவியது. சாதி அடிப்படையில் இருக்கைகள் தனித்தனியே அமைந்தன.

1733இல் இவ்வாலயத்தில் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபையில் அப்பட்டம் பெற்ற முதல் தமிழர் அவரே. கடலூரைச் சார்ந்த வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பறையர் சமூகத்தைச் சார்ந்த இராசநாயக்கன் சிறந்த உபதேசியாராகப் பணியாற்றியும் குருப்பட்டம் பெறவில்லை. உயர்சாதிக் கிறித்தவரின் எதிர்ப்பு அதற்குக் காரணமாயிற்று. ஆரோனின் பெயரைக் கூறும் வழிகாட்டி இராசநாயக்கனின் பெயரையும் கூறினால்தான் அக்கட்டடத்தின் வரலாறு நிறைவுறும். ஐரோப்பியர் பெயரை நீக்கித் தமிழர் பெயரை இட்டு நிரப்புவது இவ்வாய்வின் நோக்கமன்று என்பதை இங்குக் குறிப்பிடுதல் தகும்.

கைமாறிய நகரும் அதன் எச்சங்களும்

18ஆம் நூற்றாண்டின் இறுதி தரங்கம்பாடியின் வளமான காலம். இன்று காணப்படும் ஆளுநர் மாளிகை 1784ஐச் சார்ந்தது. டென்மார்க் அரச முத்திரையைத் தாங்கிய நகர வாயில் 1792இல் இன்றைய வடிவைப் பெற்றது. ஆங்கிலேய ஆதிக்கம் பெருகியதும் வணிகம் குன்றியது. 1845இல் டேனியர் தரங்கம்பாடியை வங்காளத்துச் சீராம்பூருடன் சேர்த்து ஆங்கிலேயக் கிழக்கிந்திய நிறுமத்திற்கு 12.5 இலட்சம் ரூபாய்க்கு விற்றனர். இசைவு பெற்றுத் தங்கிய நிலத்தை விற்கும் உரிமை தமக்குண்டு எனத் தங்கியவர் கருதிய நிலைக்கு 225 ஆண்டுகளில் வரலாறு வந்து சேர்ந்தது. பொன்னோலையையும் இவ்விற்பனையையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும்போதே குடியேற்ற ஆட்சியின் வளர்ச்சி தெளிவாகப் புலப்படும்.

துறைமுகம் மங்கிய பின்னரும் ஊரின் தமிழ்த் தொடர்பு அறவில்லை. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை இங்கு முன்சீப்பாகப் பணியாற்றினார். 1779இல் வேப்பேரியில் வெளிவந்த பெப்ரீசியசின் அகராதியை அடியொற்றிய தமிழ் – ஆங்கில அகராதிப் பதிப்புகள் 20ஆம் நூற்றாண்டிலும் தரங்கம்பாடியிலிருந்தே வெளிவந்தன. இன்றும் தமிழாய்வாளர் பயன்படுத்தும் அவ்வகராதியின் முகப்பில் இவ்வூர்ப்பெயர் உள்ளது.

2004 திசம்பர் 26இல் நிகழ்ந்த ஆழிப்பேரலை இவ்வூரின் மீனவர் குடியிருப்பில் பேரழிவை விளைவித்தது. அதன்பின் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் பணிகள் வேகம் பெற்றன. தமிழ்நாடு அரசோடு டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகமும் இப்பணிகளில் பங்கேற்றது. இப்பணிகள் பாராட்டுக்குரியன. எனினும் கட்டடம் புதுப்பிக்கப்படும் அளவிற்கு அதற்குரிய தமிழ் ஆவணம் மாணவரிடம் சென்று சேரவில்லை. பொன்னோலை கோபன்ஹேகனிலும், சுவடிகளும் மடல்களும் ஹாலே பிராங்கே நிறுவனக் காப்பகத்திலும் இருக்கின்றன. நினைவிடத்தின் உடல் இங்கும் குரல் அங்குமாகப் பிரிந்து கிடப்பதாகவே கொள்ள வேண்டும்.

களப்பயணத்திற்கான ஒரு நடைவரிசை

பொதுவாகப் பயணிகள் நகர வாயிலில் நுழைந்து, இராச வீதி வழியே ஆலயங்களையும் ஆளுநர் மாளிகையையும் கண்டு, கோட்டையில் பயணத்தை முடிப்பர். இவ்வரிசை 1792இன் டேனிஷ் முத்திரையிலிருந்து தொடங்குவதால் ஊரின் வரலாறும் அங்கிருந்தே தொடங்குவதாகத் தோன்றும். தமிழ் மாணவர் பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம்.

முதலாவது, மாசிலாமணிநாதர் கோயில். இங்கு ஊர்ப்பெயரையும் பட்டினம் என்னும் சொல்லையும் கல்வெட்டின் துணையோடு விளக்குதல் வேண்டும். இரண்டாவது, கோட்டை. பொன்னோலையின் படத்தையும் 1620 உடன்படிக்கையின் செய்தியையும் இங்கு வாசிக்கலாம். மூன்றாவது, சீகன்பால்கு கரையிறங்கிய இடம். மணலில் எழுதிக் கற்ற செய்தியை மணலின்மேல் நின்றே கூற முடிவது இவ்விடத்தின் வாய்ப்பு. நான்காவது, எருசலேம் ஆலயம். சுவடி அட்டவணை, 99 மடல்கள், ஆரோன், இராசநாயக்கன் ஆகியவற்றை இங்குப் பேசலாம். ஐந்தாவது, மீனவர் குடியிருப்பு. இதனைக் காட்சிப் பொருளாகக் கருதாது, ஊரின் நெடிய வாழ்வைத் தாங்கிய மக்களின் இடமாக மதித்து, முதியோர் இசைந்தால் அவர்தம் நினைவுகளைக் கேட்டறியலாம். இறுதியாக நகர வாயில் வழியே வெளியேறலாம். காலவரிசையும் நடைவரிசையும் பெரும்பாலும் ஒன்றுபடுவதால் தனியே விளக்கம் தேவைப்படாமலே வரலாற்றின் ஓட்டம் மாணவர் மனத்தில் பதியும்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு.

1. தரங்கம்பாடி டேனியர் வருகைக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்னரே பட்டினமாக விளங்கியது. இதனைச் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்னும் கல்வெட்டுப் பெயர்கள் உணர்த்துகின்றன.

2. டேனிஷ் கோட்டை தஞ்சை அரசின் இசைவால் எழுந்தது. அத்தொடர்பில் தமிழ் அரசுமுறை மொழியாகப் பயன்பட்டமைக்குப் பொன்னோலை சான்று.

3. தமிழ் அச்சு வரலாற்றில் தரங்கம்பாடியின் இடம் தொடக்கத்தால் அமைந்ததன்று, தொடர்ச்சியால் அமைந்தது. அதன் பின்புலத்தில் திண்ணைப்பள்ளி ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், எழுத்தர் ஆகியோரின் உழைப்பு உள்ளது.

4. நினைவிடங்கள் ஆள்வோர் – ஆளப்பட்டோர் என்னும் பிரிவினையோடு தமிழ்ச் சமூகத்தின் உட்பிரிவினையையும் வெளிப்படுத்துகின்றன.

5. ஹாலே, கோபன்ஹேகன் காப்பகங்களில் உள்ள தமிழ் ஆவணங்களின் படிகளைத் திரட்டி, தமிழ்த்துறைகள் களப்பயணக் கையேடாக வெளியிடுதல் உடனடித் தேவை. 99 மடல்களைச் செருமனிலிருந்து நேரே தமிழாக்குவதும் தனித்த ஆய்வுக்குரிய பணியாகும்.

எழுதக் கற்பித்த முதிய ஆசிரியரின் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. அடுத்து அங்குச் செல்லும் மாணவர்தம் குறிப்பேட்டிலேனும் அவருக்கு ஒரு வரி இடம்பெறுமாயின் இவ்வாய்வு பயனுடையதாகும்.